பெட்டி 9, கோப்பு 14

பதினேழு பெட்டிகள்.
அடுக்கினால் ஏழு மீட்டர்.
வெளிச்சம் படக் கூடாது என்று
நானே எழுதி ஒட்டினேன்.

வெர்னா ஸ்கோக்லண்ட்,
மொன்டானா சட்டமன்றத்தில் ஆறு தவணை,
வெயிலுக்கு வக்காலத்து வாங்கியே தொண்டை கட்டியவள்,
இப்போது ஹெலினாவில்
ஜன்னல் இல்லாத நிலவறையில் இருக்கிறாள்.
இதில் கவித்துவம் எதையும் தேடாதீர்கள்.
மலிவான தாளில் அமிலம் உண்டு.
வெயில் பட்டால் பழுத்து நொறுங்கும்.
அவ்வளவுதான் விஷயம்.

துருவேறிய குண்டூசியைப் பிடுங்க வேண்டும்,
தாளோடு உருகி ஒட்டிய ரப்பர் வளையத்தைச் சுரண்ட வேண்டும்,
கோப்புக்கு ஒரு வரி எழுத வேண்டும்.
மணிக்குப் பதினாறு டாலர்.

பெட்டி மூன்றில் ஒரு பள்ளிக்கூட நோட்டு.
அவள் வீட்டுக் கூரையில் ஏற்றிய
வெந்நீர்த் தொட்டியின் ஜாதகம்.
ஜனவரி 11: வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்து நான்கு.
தொட்டியில் நூற்றுப் பன்னிரண்டு.
சொன்னால் எவனும் நம்பமாட்டான்.
ஜனவரி 12: குழாய் வெடித்தது. சமையலறையில் ஒழுகல்.
ஆர்ல் ஒன்றும் சொல்லவில்லை. வாளி வைத்தான்.
ஜனவரி 13: வாளி.
ஜனவரி 14: வாளி.
பிறகு மார்ச் வரை
எண்கள் மட்டும், வேறு பேனாவில்.

பெட்டி ஆறு முழுக்க மசோதா 318.
எல்லாமே தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டன.
நிலக்கரிக் கம்பெனி அனுப்பிய புத்தகங்கள் மட்டும்
இன்னும் வெள்ளைவெளேரென்று இருக்கின்றன.
நல்ல தாள்.

வாக்குப் பட்டியல், 1979:
நாற்பத்தொன்பது. ஐம்பத்தொன்று.
எதிர்த்தவர்களில் ஒரு பெயரைச் சுற்றி, டுவெய்ன் கபிச்,
பென்சில் வட்டம்.
வட்டம் முடியுமுன்னே முனை முறிந்திருக்கிறது.

பிறகுதான் ஒன்பது, பதினான்கு.

கோடு போட்ட தாளில்
கபிச்சின் தொகுதியிலிருந்து ரோஸ் பெர்கோவிச்:
'அம்மா, உங்கள் சூரியன்
என் வீட்டுக்காரருக்குச் சம்பளம் போடுமா?
வெள்ளிக்கிழமைதோறும்?'

பதிலுக்கு வெர்னாவின் வரைவுகள்.
முதலாவது இரண்டு பக்கம், புள்ளிவிவரத்தோடு.
இரண்டாவது அரைப் பக்கம்.
மூன்றாவதில் 'சம்பளம்' என்ற சொல்லோடு
தட்டச்சு நின்றுவிட்டது.
நான்காவது கையெழுத்தில்:
'தெரியவில்லை. நேரில் வருகிறேன்.'

அடியில் ஒரு பெட்ரோல் ரசீது.
பின்பக்கம் அவள் கணக்கு: இருநூற்றுப் பன்னிரண்டு மைல்.

என்ன பேசினார்கள்?
எந்தப் பெட்டியிலும் இல்லை.
காபி கொடுத்தாளா,
கதவைப் பாதி திறந்து நிற்கவைத்தாளா,
சுரங்கத்திலிருந்து அவர் வந்தபோது
இவள் அங்கே இருந்தாளா,
தாள் பேசினால்தான் உண்டு.

இன்னொரு உறை மட்டும் இருக்கிறது.
'மறந்துவிட்டுப் போன கையுறை இத்துடன். ரோ. பெ.'
கையுறை இல்லை.
அது இருந்த வீக்கம் மட்டும்
நாற்பது வருடமாக உறையில் வற்றாமல் நிற்கிறது.
தட்டையாக்க வேண்டும் என்பது விதி.
நான் தட்டையாக்கவில்லை.

1981இல் மசோதா மறுபடி வந்தது, உடம்பு இளைத்து.
ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது.
கபிச்: ஆம்.
ஏன் என்று கேட்ட நிருபரிடம்
சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்றாராம்.

இரண்டையும் நான் முடிச்சுப் போடக் கூடாது.
ரோஸ் அவரிடம் பேசினாளா, யார் கண்டது.
பட்டியலில் எழுதினேன்:
'கடிதங்கள், 1979. ஆறு தாள், ஒரு காலி உறை.'
'காலி' என்பதை அடித்தேன்.
மறுபடி எழுதினேன்.

இந்த அறையில் ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும்.
மின்சாரச் சிக்கனம்.
ஒரே கடிதத்தில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டால்
பொசுக்கென்று இருட்டிவிடும்.

இருட்டியது.
ரோஸின் தாள் கையில் இருக்க,
மற்றக் கையை உயரத் தூக்கினேன்,
எனக்கும் ஒரு வாக்கு இருப்பதுபோல.